பதினோராம் மாடி மாயர்

1

ஊரிலிருந்து கடிதம் எழுதுகிறவர்கள் நயாகரா நீர்வீழ்ச்சியைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். அதை நான் ஒருமுறை பார்த்தேன். தண்ணீர் மேலிருந்து கீழே விழுகிறது. எங்கள் கட்டடத்து லிப்ற்றைப் பற்றி எழுதினால் கூடுதல் பயன் உண்டு என்று நினைக்கிறேன்.

ஸ்காபரோவில் மகளின் குடும்பத்தோடு நான் இருக்கும் கட்டடத்தில் இரண்டு லிப்ற்றுகள். ஒன்று எப்போதும் பழுது. மற்றதில் பதினான்கு வரை பொத்தான்கள் உண்டு, ஆனால் பதின்மூன்று இல்லை. பன்னிரண்டுக்கு அடுத்தது பதினான்கு. பதின்மூன்று ஆகாத எண் என்று வெள்ளைக்காரர் நம்புகிறார்களாம். இராகுகாலம் பார்க்கிறோம் என்று எங்களைப் பார்த்துச் சிரித்தவர்களும் இவர்கள்தான்.

இந்த லிப்ற்றுக்குள் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. எங்கள் நிறத்தில் ஒருவர் உள்ளே வந்தால் இரண்டு மாடி ஏறுவதற்குள் கேள்வி வந்துவிடும்: "ஊரிலை எவ்விடம்?" பெயர் கேட்பதில்லை, தொழில் கேட்பதில்லை. பதில் மானிப்பாய் என்றால் அடுத்த கேள்வி, "மானிப்பாயிலை எவ்விடம்?" பிறகு எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை. லிப்ற் நிற்கும்போது ஆளின் சாதி தெரிந்துவிடும். கேட்கிறவர் கொஞ்சம் கெட்டிக்காரரென்றால், தமையன் எந்த இயக்கத்தில் இருந்தான் என்பதும் தெரிந்துவிடும். எதையும் நேராகக் கேட்கவில்லை, பதில் சொன்னவரும் இடப்பெயரைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், உத்தியோகம் பார்த்து எத்தனையோ விசாரணைகளில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடத் திறமான விசாரணை முறையை நான் கண்டதில்லை.

1996ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு நாள், கட்டையான, கறுத்த தலைமயிர் நெற்றியில் விழுந்த ஒருவர் உருளைக்கிழங்குப் பையோடு லிப்ற்றுக்குள் வந்தார். முப்பத்தைந்து வயது மதிக்கலாம். என் வாய் தானாகத் திறந்தது.

"தம்பி, ஊரிலை எவ்விடம்?"

அவர் சிரித்துவிட்டு ஆங்கிலத்தில், "இந்தக் கட்டடத்தில் எல்லோரும் என்னிடம் இதையே சொல்கிறார்கள். இதற்கு என்ன அர்த்தம்?" என்றார்.

அர்த்தத்தைச் சொன்னேன். அவர் குவாத்தமாலா என்றார். பெயர் கஸ்பார், பதினோராம் மாடி. பாஷையூரைச் சேர்ந்த ஒரு கஸ்பார் என்னோடு வேலை செய்தவர். ஆகவே இவரும் ஒரு தமிழ்க் கத்தோலிக்கர்தான், ஏதோ காரணத்துக்காக மறைக்கிறார் என்று இரண்டொரு நாள் நான் நம்பியிருந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

லிப்ற்றை விட்டு இறங்கும்போது கஸ்பார் சொன்னார்: "எங்கள் பக்கத்திலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள்."

"கேட்ட பிறகு?"

"பேசுவதா, வாயை மூடுவதா என்று முடிவு செய்வார்கள்."

2

என்னுடைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஓய்வு பெற்றவனுக்கு வேலை கிடையாது என்பது சட்டம். ஆனால் இந்தக் கட்டடத்தில் எவருக்கு எந்தப் படிவம் வந்தாலும் அது ஒன்பதாம் மாடிக்கு, என்னிடம் வந்து சேரும். ஸ்பொன்சர், வெல்பெயர், குழந்தைப் பணம், வீட்டுக்காரனுக்கு எதிரான முறைப்பாடு எல்லாமே வரும். எந்த நாட்டு அரசாங்கமானாலும் படிவத்தின் குணம் ஒன்றுதான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும், கடைசித் திகதிக்கு முன்னே கொடுக்கவேண்டும், பிரதி வைத்திருக்கவேண்டும். இந்த மூன்றையும் செய்கிறவனை இங்கே மேதை என்கிறார்கள்.

மகள் வசந்திக்கு இது பிடிக்காது. "அப்பா, உங்களுக்கு ஏன் உந்த வேலை? அவனவன் லோயர் வைச்சிருக்கிறான்."

"லோயர் பிழையாய் நிரப்பினதைத்தான் பிள்ளை நான் திருத்துறன்."

"ஓம், உங்களைத்தான் கனடா பார்த்துக்கொண்டு நிக்குது."

அந்த மாதம் பேத்தி அபிக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு புறொஜெக்ற். பழைய நாகரிகங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்திருக்கிறார்கள். "எனக்கு மாயா விழுந்திட்டுது அம்மப்பா. ஐ வோண்டெட் ஈஜிப்ற்," என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள். வசந்திக்கு இரண்டு வேலை, மருமகன் மிசிசாகாவில் இரவு வேலை முடித்து வந்து படுத்திருப்பார். நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது என் இலாகா. அவள் படம் வெட்டினாள். நான் புத்தகங்களைப் படித்தேன்.

படித்ததைச் சுருக்கமாகத் தருகிறேன். நாலாயிரம் வருடங்களுக்கு முன்னர் மத்திய அமெரிக்கக் காடுகளிலும் மலைகளிலும் சின்னச் சின்னக் கிராமங்கள் இருந்தன. சோளம், அவரை, பூசணி விதைத்தார்கள். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து அரைத்தார்கள். சுண்ணாம்பு சேராவிட்டால் அந்தச் சோளத்தை மட்டும் நம்பி வாழ்கிற உடம்புக்கு நோய் வரும். இதை எவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பதற்குப் பதிவு இல்லை. கிராமங்கள் நகரங்களாயின. நகரங்களுக்கு அரசர்கள் வந்தார்கள், அரசர்கள் வந்ததும் கோபுரங்களும் கல்வெட்டுகளும் வந்தன. எவர் எந்த நாள் முடிசூடினார், எவரை எந்த நாள் பிடித்துப் பலி கொடுத்தார் என்று கல்லில் வெட்டினார்கள். பூச்சியத்துக்கு ஒரு குறி வைத்திருந்தார்கள். வெள்ளியின் போக்கைக் கணித்தார்கள். பதின்மூன்றை அவர்கள் விலக்கவில்லை. அவர்களுடைய நாட்காட்டி அந்த எண்ணில்தான் சுழன்றது. எங்கள் லிப்ற் கொம்பனிக்கு அது தெரியாது.

பிறகு ஏறத்தாழ ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்னர் தென்பகுதி நகரங்களில் கல்வெட்டுகள் நின்றுபோயின. மழை பொய்த்தது, சண்டை கூடியது, நிலம் களைத்தது என்று பல காரணம் சொல்கிறார்கள். நகரங்களைக் காடு மூடிவிட்டது. சிறுவர்களுக்கான புத்தகங்கள் எல்லாம் இந்த இடத்தில் ஒரே வசனத்துக்கு வந்து நின்றன: மாயர்கள் மர்மமாக மறைந்துபோனார்கள்.

அந்தப் புத்தகங்களில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையில் இருந்தேன். கஸ்பார் தன் உடுப்புகளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு பக்கத்தில் அம்மிபோல ஒரு கல்லின் படம் இருந்தது. அவர் அதில் விரலை வைத்தார்.

"இது என் அம்மாவிடம் இருக்கிறது."

"நீங்கள் மாயரா?"

"நாங்கள் இஷில். மூன்று ஊர்கள்தான், மலைக்குள். மாயர் என்பது புத்தகத்தில் இருக்கிற பெயர்."

அவருடைய ஆங்கிலம் இரண்டு வருடத்து ஆங்கிலம். நான் அதைத் தமிழில் நேராக்கி எழுதுகிறேன். மர்மமாக மறைந்த வசனத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

கஸ்பார் மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அரசர்கள் போனார்கள்," என்றார். "நாங்கள் சோளம் விதைத்துக்கொண்டிருந்தோம்."

கச்சேரியில் இருந்தவனுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. கோப்பு மூடப்பட்டால் ஆள் இல்லை என்று அர்த்தம். ஒரு முழு மக்கள் கூட்டத்தின் கோப்பையே அப்படி மூடியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் புதிது.

மேலே போய் அபியிடம், "பிள்ளை, மாயர் மறையேல்லை. ஒருத்தர் பதினோராம் மாடியிலை இருக்கிறார். உன்ரை புறொஜெக்ற்றிலை போடு," என்றேன்.

"தட்ஸ் கஸ்பார் அங்கிள், அம்மப்பா. ஹி இஸ் ஸ்பானிஷ்."

"அவர் ஸ்பானிஷ் இல்லை."

"ரீச்சர் செட் ஏன்ஷியன்ற். ஹி இஸ் நொட் ஏன்ஷியன்ற். நீங்கள்தான் ஏன்ஷியன்ற்."

மர்மமாக மறைந்தார்கள் என்றே எழுதினாள். ஏ கிடைத்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவேண்டும் என்ற விதியை என்னிடமிருந்துதான் கற்றிருக்கவேண்டும்.

நான் வெற்றிலை போடுகிறவன். கஸ்பார் ஒருநாள் என் சுண்ணாம்புப் போத்தலை வாங்கி மணந்து பார்த்தார். ஒரு துளி நாக்கில் வைத்தார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். தமிழ்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தட்டில் இருந்த அத்தனை போத்தலையும் எடுத்தார். கடைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணை, உவர் ஒரு நாளைக்கு எவ்வளவு வெத்திலை போடுறவர்?" என்று கேட்டார். அந்தச் சனிக்கிழமை பதினோராம் மாடியிலிருந்து எங்களுக்கு ஒரு துணியில் சுற்றிய சோள ரொட்டி வந்தது. வசந்தி, "குரக்கன் ரொட்டி மாதிரித்தான் கிடக்கு," என்று சொல்லி மூன்று சாப்பிட்டாள்.

3

புத்தகங்களின் மீதியையும் படித்தேன். அபிக்கு வேண்டாம், எனக்கு வேண்டியிருந்தது.

ஸ்பானியர் வந்தார்கள். மலைநாட்டு அரசுகள் முதலில் விழுந்தன. கடைசி அரசு ஏரித்தீவு ஒன்றில் பதினேழாம் நூற்றாண்டின் முடிவு வரை தாக்குப்பிடித்தது. ஒரு பாதிரியார் மாயர்களின் ஏடுகளைக் குவித்து எரித்தார். எத்தனையோ ஏடுகளில் இன்று மிஞ்சியிருப்பவை நாலே நாலு. இந்த இடத்தில், நூலகம் எரிந்ததைக் கண்ட யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு மேலதிக விளக்கம் தேவையில்லை. சிதறியிருந்த மக்களை மாதா கோயிலைச் சுற்றிக் குடியேற்றி, ஞானஸ்நானம் கொடுத்து, கஸ்பார் என்றும் ஹுவானா என்றும் பெயர் வைத்தார்கள். பிறகு கோப்பித் தோட்டங்கள் வந்தன. மலையிலிருந்து ஆட்களைக் கட்டாயமாக இறக்குவதற்குச் சட்டங்களும் வந்தன. பிறகு உள்நாட்டுப் போர். எண்பதுகளின் தொடக்கத்தில் இராணுவம் மலைக்கு ஏறி ஊர் ஊராக எரித்தது. எஞ்சிய ஆண்களின் கையில் துவக்கைக் கொடுத்து ஊர்காவல் படை அமைத்தது. பக்கத்து ஊர்க்காரனைப் பிடிக்கப் பக்கத்து ஊர்க்காரனே போகவேண்டும். மறுத்தவன் அடுத்த பட்டியலில் இருப்பான்.

இதற்குமேல் புத்தகத்தில் இல்லை. கஸ்பார் சொன்னதுதான் இருக்கிறது. இராணுவம் அவருடைய ஊருக்கு வந்தபோது வழிகாட்டிக்கொண்டு வந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரின் காவல் படை. அவருடைய தகப்பனும் தமையனும் அன்றைக்குச் செத்தார்கள். தாயும் அவரும் மலைக்குள் ஓடி ஏழு வருடம் ஒளிந்திருந்தார்கள். காலம் மாறி, புதைத்த இடங்களைத் தோண்டிப் பார்க்க ஒரு குழு ஊருக்கு வந்தபோது, கஸ்பார் குழியைக் காட்டினார். அன்றைக்கு இராணுவத்தோடு வந்த ஊர்காவல் படைக்காரரின் பெயர்களையும் சொன்னார். அதற்குப் பிறகு இரவில் அவருடைய வீட்டுக்குக் கல் விழுந்தது. மனைவி ஹுவானாவையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் மெக்சிக்கோ எல்லையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வடக்கே வந்தவர்தான் எங்கள் லிப்ற்றில் நின்றார். தாய் ஊரை விட்டு வர மறுத்துவிட்டார்.

அவருடைய அகதி விசாரணை 1997 சித்திரைக்கு வைக்கப்பட்டிருந்தது. ஏற்றுக்கொண்டால் ஹுவானாவும் பிள்ளைகளும் வரலாம். மறுத்தால் கஸ்பார் திரும்பிப் போகவேண்டும். இதற்கிடையில், மார்கழி முடிவில், அந்த நாட்டில் சமாதான ஒப்பந்தம் கைச்சாத்தாகிவிட்டது. தொலைக்காட்சியில் புறா பறந்தது. 1987இல் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைக் கிட்ட நின்று பார்த்தவனுக்குப் புறாக்களில் அவ்வளவு நம்பிக்கை வருவதில்லை. ஆனால் சமாதானம் வந்த நாட்டிலிருந்து ஓடிவந்தவனை எவரும் இலேசில் நம்பமாட்டார்கள் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

அவருடைய படிவத்தின் பிரதியைப் பார்த்தேன். முன்பு எவனோ ஒரு ஆலோசகன் காசு வாங்கிக்கொண்டு நிரப்பியது. மொழிபெயர்ப்பாளர் எந்த மொழியில் என்ற இடத்தில் ஸ்பானிஷ் என்று எழுதியிருந்தான்.

"இது உங்கள் மொழியா?"

"பள்ளிக்கூடத்தில் படித்தது. பிறகு தோட்டத்தில். பேசுவேன், மெதுவாக."

"செத்த தகப்பனைப் பற்றி மெதுவாகப் பேசுவதா? சொந்த மொழியில் பேச உங்களுக்கு உரிமை உண்டு. எழுதிக் கேட்டால் ஆள் ஒழுங்கு செய்வார்கள்."

"ஸ்பானிஷ் போதும், ஐயா."

போதாது என்றேன். இதில் என் சொந்தக் கணக்கும் ஒன்று இருந்தது. சிங்களப் பரீட்சை எழுதிச் சித்தியடையாத தமிழ் உத்தியோகத்தருக்குச் சம்பள உயர்வு கிடையாது என்ற காலத்தில், நான் அந்தப் பரீட்சை மண்டபத்துக்குப் போகவில்லை. உயர்வு நின்றது, பதவி உயர்வும் நின்றது, காலத்துக்கு முன்னரே ஓய்வு பெற்றேன். கூட இருந்தவர்கள் எழுதினார்கள், சித்தியடைந்தார்கள், ஒருவர் அரசாங்க அதிபராகவும் ஆனார். நான் வருந்தவில்லை. மனிதன் அதிகாரியின் முன்னால் தன் மொழியில் பேசவேண்டும் என்பது என் வாழ்க்கையில் நான் விலை கொடுத்து வாங்கிய ஒரே கொள்கை. அதைக் கஸ்பாருக்கு இலவசமாகக் கொடுத்தேன்.

அவருடைய வழக்கறிஞர் ஒரு இளம் பெண். அரசாங்கச் செலவில் நியமிக்கப்பட்டவர், நல்ல பிள்ளை, எப்போதும் அவசரம். நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்து அனுப்பினார். விசாரணை நடத்தும் அகதிச் சபையும் தேடியது. இஷிலும் ஆங்கிலமும் தெரிந்த ஒருவர் ஒன்ராறியோவிலேயே வேறொரு நகரத்தில் இருக்கிறார் என்று பதில் வந்தது. அன்று மாலை வெற்றிலையைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டேன்.

விசாரணைக்கு முந்திய கிழமை கஸ்பாருக்குப் பயிற்சி கொடுத்தேன். "தொடங்கும்போது ஒரு கேள்வி கேட்பார்கள்: மொழிபெயர்ப்பாளர் சொல்வது விளங்குகிறதா? விளங்கினால் மட்டும் ஆம் என்று சொல்லுங்கள். ஒரு சொல் விளங்காவிட்டாலும் இல்லை என்று உடனே சொல்லவேண்டும். பிறகு சொன்னால் எடுபடாது."

"ஆம். அல்லது இல்லை," என்று அவர் திருப்பிச் சொன்னார்.

4

விசாரணை நகரத்துக்குள், உயரமான ஒரு கட்டடத்தில். சப்வேயில் போனோம். கஸ்பார் அன்று தலையை நீரால் படிய வாரி, கழுத்துவரை பொத்தான் பூட்டியிருந்தார். கூட உட்கார எனக்கு அனுமதி கிடைத்தது, வாய் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. வசந்தி முதல்நாளே சொல்லியிருந்தாள்: "அப்பா, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருங்கோ. அது கச்சேரி இல்லை."

சின்ன அறை, ஜன்னல் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு உறுப்பினர்கள். மூத்தவர் வெள்ளைத் தலை, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர், பொறுமையானவர். மொழிபெயர்ப்பாளர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கஸ்பாரைப் போலவே கட்டை, அதே கன்னங்கள். பழைய கோட், நன்றாகத் துடைத்த சப்பாத்து. கஸ்பாரைக் கண்டதும் எழுந்து நின்று அவர்களுடைய மொழியில் ஏதோ சொன்னார். கஸ்பாரின் முகம் விரிந்தது. ஊர் மொழியைக் கேட்டு எவ்வளவு காலமோ. எனக்குள் ஒரு திருப்தி ஏற்பட்டது.

கஸ்பார் சிரித்துக்கொண்டே ஒரு சின்னக் கேள்வி கேட்டார். மற்றவர் ஒரு சொல்லில் பதில் சொன்னார்.

எனக்கு அந்த மொழி ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியை நான் அறிவேன். ஆயிரம் தரம் கேட்டிருக்கிறேன், ஆயிரம் தரம் அதற்குப் பதில் சொல்லியிருக்கிறேன். பதிலுக்குப் பிறகு கஸ்பாரின் முகத்தில் இருந்த சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றது. அதற்குப் பின்னால் ஆள் இல்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று அந்த முகமே சொல்லிவிட்டது. மூன்றே மூன்று ஊர்கள் உள்ள ஒரு மொழிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று எழுதிக் கேட்டவனுக்கு, அவர் அந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் வருவார் என்பது தெரிந்திருக்கவேண்டும்.

விசாரணை தொடங்கியது. மொழிபெயர்ப்பாளர் சத்தியம் செய்தார். மூத்த உறுப்பினர் கேட்டார்: "மொழிபெயர்ப்பாளர் சொல்வது உங்களுக்கு விளங்குகிறதா?" மற்றவர் அதை இஷிலில் கஸ்பாரிடம் கேட்டார்.

அந்த அறையில் இருந்த நிலைமையைச் சொல்கிறேன். ஆம் என்றால், அடுத்த இரண்டு மணித்தியாலத்துக்குக் கஸ்பார் குழியைப் பற்றியும் பெயர்களைப் பற்றியும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும். அந்தப் பெயர்களில் ஒன்று அவருடைய சொந்தக்காரனுடையதாக இருக்கலாம், அவருடையதாகவே இருக்கலாம். கஸ்பாரின் தாய் இன்னும் ஆற்றுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறார். மொழிபெயர்ப்பாளரை மாற்றும்படி கேட்கலாம், அதற்கு வழி உண்டு. ஆனால் காரணம் சொல்லவேண்டும். காரணத்தை அந்த மொழிபெயர்ப்பாளர் மூலமாகவே சொல்லவேண்டும். சிறிது நேரம் வெளியே போய் வழக்கறிஞரோடு பேச அனுமதி கேட்கலாம். அதைக் கஸ்பாருக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. நான் எழுந்து சொல்லியிருந்தால் கதவுக்கு வெளியே நின்றிருப்பேன், அவர் தனியே இருந்திருப்பார். வழக்கறிஞர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாம் சரியாக நடக்கிறது என்ற முகத்தோடு இருந்தார்.

கஸ்பார் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: "இல்லை."

"இல்லையா?"

"விளங்கவில்லை."

மூத்த உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்போதுதானே இரண்டு பேரும் பேசினீர்கள்?" பிறகு கோப்பைப் புரட்டினார். அவர் எந்தப் பக்கத்தைத் தேடுகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. என் விண்ணப்பம். மனுதாரர் இஷில் இனத்தவர், அவருடைய தாய்மொழி இஷில், ஆகவே இஷில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அடுத்த கேள்வி என்னவென்று இதைப் படிக்கிற எவருக்கும் தெரியும்.

"இஷில் விளங்காவிட்டால், இவர் இஷில்தானா?"

அவர் அதை மொழிபெயர்ப்பாளரிடம்தான் கேட்டார். வேறு எவரிடம் கேட்பார்? அந்த அறையில் அதற்குப் பதில் சொல்லத் தகுதியானவர் அவர் ஒருவர்தான். கஸ்பாரும் ஹுவானாவும் இரண்டு பிள்ளைகளும் அந்த மனிதரின் வாயில் இருந்தார்கள்.

மொழிபெயர்ப்பாளர் கஸ்பாரைப் பார்த்தார். அவசரப்படவில்லை. பிறகு உறுப்பினரிடம் திரும்பினார்.

"இவர் இஷில்தான், ஐயா. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இவருடைய ஊர்ப் பேச்சு வேறு, என்னுடையது வேறு. நான் செய்தால் பிழைகள் வரும். அது இவருக்கு நியாயமில்லை."

"வணக்கம் சொன்னது விளங்கியதே?"

"வணக்கம் எங்கும் ஒன்றுதான், ஐயா."

இரண்டு உறுப்பினர்களும் தலையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பேசினார்கள். படிவத்தில் முதலில் ஸ்பானிஷ் என்று இருந்ததை இளையவர் கண்டுபிடித்தார். வழக்கறிஞர் உடனே எழுந்து, தன் கட்சிக்காரர் ஸ்பானிஷில் பேசத் தயார் என்றார். பக்கத்து அறையில் வேலை முடிந்த ஒரு ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். சிலி நாட்டுப் பெண், குவாத்தமாலாவைக் கண்டதேயில்லை. பகலுணவுக்குப் பிறகு தொடங்கலாம் என்று முடிவாயிற்று. மொழி வேறுபாடு காரணமாக என்று பதிவு செய்தார்கள். முறைப்படி எல்லாம் சரி.

பிற்பகலில் கஸ்பார் மெதுவாகப் பேசினார். எங்கோ தோட்டத்தில் கற்ற மொழியில், சொல் தேடித் தேடி, ஆற்றையும் குழியையும் சொன்னார். பெயர்களையும் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அவை வெறும் பெயர்கள். சுத்தமாக ஆங்கிலத்தில் வந்து விழுந்தன. ஆற்றின் இரண்டு பக்கத்துக்கும் உரிமையில்லாத மொழி அன்றைக்குக் கதவைச் சாத்திய ஒரு அறை மாதிரி இருந்தது. என் கொள்கை வெளியே நின்றது.

5

பகலுணவு நேரத்தில் கஸ்பார் கழிப்பறைக்குப் போயிருந்தார். நான் தாழ்வாரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மொழிபெயர்ப்பாளர் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். லிப்ற் பொத்தானை அழுத்திவிட்டு என் பக்கத்தில் நின்றார். வெளியூர் பஸ் பிடிக்கவேண்டியவர். நல்லவரா கெட்டவரா என்று முகத்தில் பார்த்தேன், ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அந்தக் காவல் படையில் அவர் இருந்தாரா, இருந்தால் விரும்பிப் போனாரா, துவக்குமுனையில் போனாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்திலும் இதே கேள்விகளுக்குப் பதில் தெரியாத எத்தனையோ பேரோடு லிப்ற்றில் போயிருக்கிறேன்.

"நீங்கள் அவருக்கு நண்பரா?" என்று கேட்டார்.

"ஒரே கட்டடம்."

லிப்ற் வருகிற சத்தம் கேட்டது.

"அவருடைய தாய் உயிரோடு இருக்கிறாரா?"

மலைக்குள் இருந்த அந்த ஏழு வருடத்துக் கதையும், ஆற்றங்கரை வீடும், அம்மியும் எனக்குத் தெரியும்.

"தெரியாது," என்றேன். "எனக்கு அவரோடு அவ்வளவு பழக்கமில்லை."

அவர் தலையாட்டினார். லிப்ற்றுக்குள் போய் என் பக்கம் திரும்பி நின்றார். "நல்லது," என்றார். "எவர் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள்." கதவு மூடியது.

தீர்ப்பு வைகாசியில் தபாலில் வந்தது. கஸ்பார் கடித உறையைத் திறக்காமலே கீழே கொண்டுவந்து என் கையில் தந்தார். ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் சமையலறைக் கதிரையில் உட்கார்ந்தார். வசந்தி தேத்தண்ணி வைத்துக் கொடுத்துவிட்டு, நாங்கள் எழுதுவதற்கு மேசையைத் துடைத்துத் தந்தாள். ஹுவானாவையும் பிள்ளைகளையும் எடுப்பதற்கான படிவத்தை அன்றே தொடங்கினோம். அது இன்னும் நடக்கிறது. மெடிக்கல் முடிந்துவிட்டது. எங்கள் ஆட்கள் ஸ்பொன்சருக்கு எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்று சொல்லி அவரை ஆறுதல்படுத்துவதில்லை. அது உண்மையாயிருந்தாலும் ஆறுதல் அல்ல.

அன்றைய விசாரணையைப் பற்றிக் கஸ்பார் ஒரே ஒருமுறை பேசினார், உடுப்புத் தோய்க்கும் அறையில்.

"அவருக்குப் பொய் சொல்லத் தெரிந்திருந்தது," என்றார்.

"உங்களுக்கும்தான்."

"இல்லை. நான் சொன்னது உண்மை. எனக்கு விளங்கவில்லை." மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்றுவரை விளங்கவில்லை."

அபி இப்போது ஏழாம் வகுப்பு. ஈஜிப்ற், மாயா எல்லாம் மறந்துவிட்டாள். ஆனால் சனிக்கிழமைகளில் சோள ரொட்டி வராவிட்டால், "அம்மப்பா, கஸ்பார் அங்கிள் வெயர் இஸ் ஹி?" என்று கேட்கிறாள். மறைந்துபோனவர்களைப் பற்றி இவ்வளவு அக்கறை போதும் என்று விட்டிருக்கிறேன்.

போன கிழமை லிப்ற்றில் ஒரு புதுப் பெடியன் ஏறினான். எங்கள் நிறம். பொருத்தமில்லாத தடித்த ஜக்கெற், கையில் பிளாஸ்ரிக் பையில் புதுப் பாத்திரங்கள். வந்து ஒரு கிழமைகூட இராது. என் வாய் பழக்கத்தில் திறந்தது. திறந்ததை மூட எனக்கு ஒரு மாடி எடுத்தது.

"எத்தினையாம் மாடி, தம்பி?" என்றேன்.

"பதினாலு ஐயா."

பொத்தானை அழுத்தினேன். பெடியன் என்னை மேலும் கீழும் பார்த்தான். தமிழ் கேட்ட சந்தோஷம் முகத்தில் தெரிந்தது.

"ஐயா, ஊரிலை எவ்விடம்?"

"ஒன்பதாம் மாடி," என்றேன்.